பழங்கணிமை

பழங்கணிமை என்பது வழக்கொழிந்த தனிக்கணினிகளையும் அவற்றில் இயங்கிய மென்பொருள்களையும் தேடிச் சேர்த்தல், பழுதுநீக்கி இயக்குதல், அவற்றைப் பற்றிய நினைவுகளைப் பதிவு செய்தல் ஆகிய செயல்களைக் குறிக்கும் சொல்லாகும். ரெட்ரோ கம்ப்யூட்டிங் என்ற பெயரில் இது உலகெங்கும் அறியப்படுகிறது. இதில் ஈடுபடுவோருள் பலர் 1970களின் பிற்பகுதிக்கும் 1990களின் தொடக்கத்துக்கும் இடையில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர்கள். தாம் முதன்முதலாக நிரல் எழுதிய பொறியின்மீது அவர்கள் கொண்டுள்ள நினைவேக்கமே இதன் அடிப்படை.

தமிழ்ச் சூழலில் இந்நினைவேக்கம் மேலைநாடுகளில் உள்ளதிலிருந்து ஒரு வகையில் வேறுபடுகிறது. அங்கு வீட்டுக்கணினிகளும் அவற்றின் விளையாட்டுகளும் நினைவின் மையமாக உள்ளன. தமிழ் நிரலாளர்களுக்கோ, ஆங்கில எழுத்துக்கென்றே செய்யப்பட்ட திரையில் தமிழ் எழுத்தை வரவழைத்த முயற்சி தனி இடம் பெறுகிறது. அம்முயற்சியில் உருவான கோப்புகளுள் பல இன்று படிக்க இயலாத நிலையை அடைந்து வருகின்றன. ஆகவே தமிழில் பழங்கணிமை என்பது பொழுதுபோக்கு மட்டும் அன்று. ஆவணக் காப்பின் ஒரு பகுதியும் ஆகும். இக்கட்டுரை அதன் பொதுப் பின்னணியையும், சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய வடசென்னைப் பகுதியுடன் அதற்குள்ள தொடர்பையும், தமிழ் எழுத்துகளைக் கணினியில் அமைத்த வரலாற்றையும் விளக்குகிறது.

உலகப் பின்னணி

1975 இல் வெளியான ஆல்டேர் 8800 முதல் தனிக்கணினிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1977 இல் ஆப்பிள் II, கொமடோர் பெட், டிஆர்எஸ்-80 ஆகிய மூன்றும் விற்பனைக்கு வந்தன. இங்கிலாந்தில் 1981 இல் பிபிசி மைக்ரோவும் 1982 இல் சின்கிளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமும் வெளியாயின. 1981 ஆகத்து 12 அன்று அறிமுகமான ஐபிஎம் பிசி, 4.77 மெகாஎர்ட்சு வேகத்தில் இயங்கிய இன்டெல் 8088 நுண்செயலியைக் கொண்டிருந்தது. இன்றைய மேசைக்கணினிகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே.

வீட்டுக்கணினிகளில் மின்சாரம் வந்த சில நொடிகளில் பேசிக் மொழியின் கட்டளைக்குறி திரையில் தோன்றும். கணினியை இயக்குவதும் நிரல் எழுதத் தொடங்குவதும் ஒன்றாகவே இருந்தன. நிரல்கள் ஒலிநாடாவில் சேமிக்கப்பட்டன. இதழ்களில் அச்சான நிரல்களை வரிவரியாகத் தட்டச்சு செய்து இயக்கிப் பார்ப்பது வழக்கம். ஓர் எழுத்து பிழைத்தாலும் நிரல் இயங்காது. பிழையைத் தேடும்போதே மொழி கைவந்துவிடும். கணினியின் கையேட்டில் சுற்றுப்படமும் நினைவகப் பங்கீடும் தரப்படுவதுண்டு. ஒரே ஆள் ஒரு பொறியை அடி முதல் நுனி வரை அறிந்துகொள்ள இயன்ற காலம் அது என்பதே நிரலாளர்கள் மீண்டும் மீண்டும் கூறும் காரணம்.

இந்தியாவில் தனிக்கணினி

இந்தியாவில் இக்கணினிகள் தாமதமாகவும் குறைந்த எண்ணிக்கையிலும் வந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் உயர்ந்த சுங்கவரியும் இதற்குக் காரணங்கள். ஐபிஎம் நிறுவனம் 1978 இல் இந்தியாவை விட்டு வெளியேறியபின் எச்சிஎல், விப்ரோ, டிசிஎம் போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் அவ்விடத்தை நிரப்பின. 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணினிக் கொள்கை இறக்குமதியை எளிதாக்கியது. சென்னையைச் சேர்ந்த ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில் சிவா பிசி என்னும் கணினியைப் போட்டி நிறுவனங்களின் விலையில் பாதிக்கும் குறைவாக, 33,000 ரூபாய் அளவில் விற்றது. குறைந்த விலை என்று விளம்பரம் செய்யப்பட்ட இத்தொகையும் அன்றைய அரசு ஊழியர் ஒருவரின் ஓராண்டுச் சம்பளத்தை விஞ்சக்கூடியது என்பதை இங்கு மறத்தலாகாது.

1984-85 இல் நடுவண் அரசு கிளாஸ் என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டமாக ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. பின்னர் மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் இக்கணினியை எஸ்சிஎல் யூனிகார்ன் என்ற பெயரில் இந்தியாவிலேயே உருவாக்கியது. ஆகவே இந்தியாவில் அக்காலப் பள்ளி மாணவர் சிலருக்கும் இங்கிலாந்து மாணவர்களுக்கும் முதற்கணினி ஒன்றே. பொறி ஒன்றாயினும் பழகும் முறை ஒன்றன்று. அங்கு வீட்டில் தனியே அமர்ந்து கற்ற ஒன்றை இங்கு ஒரு விசைப்பலகைக்கு முன் பலர் கூடி நின்று கற்க வேண்டியிருந்தது. நிரலை முதலில் தாளில் எழுதி, கையால் இயக்கிப் பார்த்து, முறை வரும்போது தட்டச்சு செய்யும் பழக்கம் இதனால் வேரூன்றியது.

துறைமுகமும் பர்மா பசாரும்

வெளிநாட்டு மின்னணுப் பொருள்கள் தமிழ்நாட்டுக்குள் நுழைந்த வாயில்களுள் சென்னைத் துறைமுகம் முதன்மையானது. நாட்டின் முதல் தனிக் கொள்கலன் முனையம் 1983 இல் இங்குதான் தொடங்கப்பட்டது. துறைமுகத்துக்கு எதிரே, கடற்கரைத் தொடர்வண்டி நிலையத்தை ஒட்டி இராசாசி சாலையில் அமைந்துள்ள பர்மா பசார் 1969 இல் உருவானது. பர்மாவில் 1962 இல் நடந்த இராணுவப் புரட்சியைத் தொடர்ந்து உடைமைகளை இழந்து தாயகம் திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்கென ஏற்பட்ட கடைத்தெரு இது. தாயகம் திரும்பியவர்களுள் பலர் வடசென்னையில் குடியேறினர்.

சுங்கவரி மிகுந்திருந்த நாட்களில் கைக்கணிப்பான், மின்னணுக் கடிகாரம், ஒலிநாடா முதலியவற்றுக்காக மக்கள் இங்கு வந்தனர். 1990களில் குறுவட்டுகளும் சேர்ந்தன. அவற்றுள் உரிமமின்றிப் படியெடுக்கப்பட்டவை மலிந்திருந்தன. இது சட்டத்துக்குப் புறம்பானது. எனினும் மென்பொருளை உரிய விலை கொடுத்து வாங்க இயலாத மாணவர் தலைமுறையொன்று இத்தகைய வட்டுகளைக் கொண்டே கற்றது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதி. கணினி உதிரிப்பாகங்களுக்கான பெருஞ்சந்தையாகப் பின்னாளில் வளர்ந்தது அண்ணாசாலைக்கு அருகிலுள்ள ரிச்சி தெரு ஆகும்.

1990களில் இந்திய நகரங்களில் பரவலாக விற்ற 8 பிட்டுத் தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டிகள் பழங்கணிமை பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. அவை சப்பானிய நின்டெண்டோ ஃபாமிகாம் கருவியின் நகல்கள். ஃபாமிகாமின் செயலி 6502 என்னும் நுண்செயலியை அடிப்படையாகக் கொண்டது. பிபிசி மைக்ரோவிலும் ஆப்பிள் II இலும் இருந்தது இதே 6502 தான். பள்ளியில் கணினியைக் கண்டிராத சிறுவர்களின் வீட்டிலும் அதன் உறவுக்காரப் பொறி ஒன்று இருந்தது எனலாம். விசைப்பலகை இணைந்த சில வகைகளில் எளிய பேசிக் மொழியும் அமைந்திருந்தது.

திரையில் தமிழ் எழுத்து

தொடக்ககாலக் கணினிகளில் எழுத்து என்பது சிறு கட்டத்துக்குள் அமைந்த புள்ளிகளின் தொகுப்பே. பிபிசி மைக்ரோவில் ஒவ்வோர் எழுத்தும் எட்டு வரி, எட்டு நெடுக்கை கொண்ட கட்டத்தில் அடங்கும். ஒரு வரிக்கு ஒரு பைட்டு வீதம் எட்டு எண்கள் ஓர் எழுத்தை வரையறுக்கின்றன. விடியூ 23 என்னும் கட்டளையால் பயனர் தாமே புதிய எழுத்துகளை உருவாக்கலாம். எடுத்துக்காட்டாக, ட என்னும் எழுத்தைப் பின்வருமாறு அமைக்கலாம்:

விடியூ 23, 224, 64, 64, 64, 64, 64, 64, 126, 0

இதில் 224 என்பது எழுத்தின் எண். 64 என்பது இடப்பக்கத்தில் ஒரு புள்ளியையும், 126 என்பது நீண்ட கிடைக்கோட்டையும் தரும். ஆறு இடங்களில் 64 ஐ 66 என மாற்றினால் வலப்பக்கத்திலும் ஒரு கோடு எழுந்து ப தோன்றும். இரும எண் முறையைக் கற்பிக்க இதைவிட எளிய பாடம் கிடைப்பது அரிது.

ட, ப ஆகியவற்றோடு எளிமை முடிந்துவிடுகிறது. ஐ, ஔ, ணை, ஞ போன்றவை எட்டுப் புள்ளி அகலத்தில் உருத்தெரியாமல் போகும். இரண்டு கட்டங்களை இணைத்தே அவற்றை வரைய வேண்டும். ஆனால் வழக்கமான அமைப்பில் பயனருக்குக் கிடைத்த இடங்கள் 224 முதல் 255 வரை 32 மட்டுமே. தமிழ் எழுத்துகள் 247. மேலும் 1 கிலோபைட்டு நினைவகம் மட்டுமே தேவைப்பட்ட ஏழாம் திரைமுறையில் புதிய எழுத்துகள் தோன்றா. அதற்கு வரைகலைத் திரைமுறைகள் தேவை. ஒரு வரியில் 80 எழுத்துகளைக் காட்டும் வரைகலைமுறை 20 கிலோபைட்டை விழுங்கிவிடும். மொத்தம் 32 கிலோபைட்டு கொண்ட கணினியில், இயங்குதளத்தின் தேவை போக, ஒலிநாடாவைப் பயன்படுத்தும்போது நிரலுக்கு எஞ்சுவது எட்டரைக் கிலோபைட்டு. (நீங்கள் படிக்கும் இக்கட்டுரையின் உரையை இன்றைய ஒருங்குறி முறையில் சேமித்தால் அதுவே 32 கிலோபைட்டில் அடங்காது.)

ஐபிஎம் வகைக் கணினிகளில் நிலைமை சற்று மேம்பட்டது. வரைகலைத் திரைமுறையில் மேற்பகுதி 128 குறிகளின் வடிவங்களை நிரலாளர் மாற்றிக்கொள்ள இயன்றது. 1984 இல் வந்த ஈஜிஏ, 1987 இல் வந்த விஜிஏ ஆகிய திரை அட்டைகள் முழு எழுத்துருவையே மாற்ற இடமளித்தன. கட்டத்தின் உயரமும் முறையே 14, 16 புள்ளிகளாக வளர்ந்தது. 1980களில் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளையும், கனடாவில் கி. சீனிவாசன் ஆதமி மென்பொருளையும் உருவாக்கினர். டாஸ் இயங்குதளத்தில் இயங்கிய இவை தமிழ்க் கணிமையின் முன்னோடிகள். புனேயில் உள்ள சி-டாக் நிறுவனம் ஜிஸ்ட் என்னும் தனி அட்டையின் வழியே இந்திய மொழிகளைத் திரையில் காட்டியது.

விண்டோசும் மக்கின்டோசும் பரவியபின் எழுத்துரு அமைப்பது எளிதாயிற்று. புதிய சிக்கலும் எழுந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தன் விருப்பப்படி எழுத்துகளுக்கு எண்களை வழங்கியது. 1993 இல் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் வெளியிட்ட மயிலை எழுத்துரு 7 பிட்டு முறையில் அமைந்ததால் மின்னஞ்சலில் சிதையாமல் சென்றது. ஆனால் பெறுபவரிடமும் அதே எழுத்துரு இருந்தால்தான் படிக்க முடியும்; இல்லையேல் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலே தெரியும். 1997 இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியில் நடந்த தமிழ்நெட் 97 மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடும் இதற்குத் தீர்வு தேடின. பின்னதன் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் ஆகிய குறியேற்றங்களும் பிறந்தன. இணைய ஆர்வலர்கள் தமக்குள் விவாதித்து உருவாக்கிய டிஸ்கி குறியேற்றமும் உடன் வழங்கியது. 1991 இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்த ஒருங்குறி, இயங்குதளங்களின் ஆதரவு பெற்று 2000களில்தான் பொதுவழக்கானது.

அச்சகமும் தட்டச்சு நிலையமும்

கணினித் தமிழ் முதலில் வாழ்ந்த இடம் ஆய்வுக்கூடம் அன்று, அச்சகம். துறைமுகத்தை அடுத்த ஜார்ஜ் டவுனில் உள்ள ஆண்டர்சன் தெரு காகித வணிகத்துக்கும் அழைப்பிதழ்களுக்கும் பெயர்பெற்றது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சிட்ட முறை, 1990களில் மேசைப் பதிப்புக்கு வழிவிட்டது. தட்டச்சுப் பயிற்சி நிலையங்கள் பல ஓரிரு கணினிகளை வாங்கிப் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டன. தமிழ்த் தட்டச்சுத் தேர்வில் தேறியவர்களே முதல் கணினி அச்சுக்கோப்பாளர்களாயினர். அவர்களின் விரல்கள் பழைய தட்டச்சுப்பொறி விசையமைப்பிலேயே பழகியிருந்தமையால், அறிவியல் முறையில் அமைந்த தமிழ்99 வந்தபின்னும் பலர் மாறவில்லை.

இதன் மறுபக்கத்தையும் கூற வேண்டும். ஈய எழுத்துக் கோப்பதில் தேர்ந்தவர்களின் தொழில் சில ஆண்டுகளில் மறைந்தது. கணினி வேலையைப் பறிக்கும் என்ற அச்சம் இந்தியத் தொழிற்சங்கங்களிடம் 1960கள் முதலே இருந்து வந்தது. வங்கிகளில் எந்திரமயமாக்கலுக்கு வரம்பு விதித்து 1983 இல் சங்கங்களுடன் உடன்படிக்கை செய்யப்பட்டது. எண்ணூர், திருவொற்றியூர், மணலி போன்று ஆலைத் தொழிலாளர் செறிந்த பகுதிகளில் கணினியின் தொடக்ககாலத்தை எல்லாரும் ஒரே உணர்வோடு நினைவுகூர்வர் என எதிர்பார்த்தல் இயலாது.

யாருடைய தொடக்ககாலம்

பழங்கணிமை பற்றிய எழுத்துகளில் 'அந்தக் காலம்' என்பது பெரும்பாலும் 1980களையே சுட்டுகிறது. அன்று கணினியைத் தொடும் வாய்ப்பு உயர்கல்வி நிறுவனங்களிலும் தெரிந்தெடுத்த பள்ளிகளிலும் பயின்றோருக்கு, அதுவும் ஆங்கிலம் அறிந்தோருக்கே கிட்டியது. ஏனையோருக்குத் தமிழில் கணினியை அறிமுகம் செய்தவர்களுள் எழுத்தாளர் சுஜாதா குறிப்பிடத்தக்கவர். பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய இவர், எளிய நடையில் நூல்களும் கட்டுரைகளும் எழுதினார். கணினியைத் தொடுமுன்பே அதைப் பற்றி வாசித்து அறிந்த தலைமுறை ஒன்று உருவானதில் அவருக்குப் பங்குண்டு.

வீட்டில் சொந்தக் கணினி என்பது அரசுப் பள்ளி மாணவர்களுள் பலருக்கு 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே வாய்த்தது. அவர்களின் தொடக்ககாலம் அது. அம்மடிக்கணினிகளும் இன்று பழையனவாகிவிட்டன. அவற்றுக்கென்றும் ஒரு நினைவேக்கம் வரும் ஆண்டுகளில் தோன்றக்கூடும். எட்டுப் பிட்டுப் பொறியில் கற்றவரே உண்மையான நிரலாளர் என்னும் கூற்று அடிக்கடி காணப்படினும், அது கற்றவரின் பெருமிதமேயன்றி நிறுவப்பட்ட உண்மை அன்று.

அழிவும் மீட்பும்

சென்னையில் பழைய கணினிகள் எஞ்சியிருப்பது அரிது. பழுதான பொறி முதலில் உதிரிப்பாகமாகவும், பின்னர் பழைய இரும்புக் கடைக்கும் செல்வது வழக்கம். சுற்றுப்பலகைகளிலிருந்து செம்பையும் பொன்னையும் பிரிக்க அமிலமும் நெருப்பும் பயன்படுத்தப்பட்டன. தொழிலாளரின் உடல்நலத்தைக் கெடுக்கும் இம்முறையைக் கட்டுப்படுத்த, மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

தப்பியவற்றுக்குத் தட்பவெப்பம் பகையாகிறது. கடலோர உப்புக்காற்றும் ஈரப்பதமும் செம்பு இணைப்புகளை அரிக்கின்றன. ஆலைப் புகையில் உள்ள கந்தகச் சேர்மங்கள் இவ்வரிப்பை விரைவுபடுத்துகின்றன. 1980களின் பிற்பகுதியில் வந்த தாய்ப்பலகைகளில் கடிகாரத்துக்கென வைத்த நிக்கல்-காட்மியம் மின்கலம் கசிந்து அருகிலுள்ள தடங்களைத் தின்றுவிடும். ஆகவே பழைய கணினி கிடைத்தால் மின்சாரம் கொடுக்குமுன் மின்கலத்தை அகற்றுதல் வேண்டும். நெகிழ்வட்டுகளில் ஈரத்தால் பூஞ்சை படரும். அதைத் துடைக்காமல் இயக்கியில் செருகினால் வட்டும் கெடும், இயக்கியின் தலையும் கெடும். 2015 திசம்பர் வெள்ளத்திலும், 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் சென்னையின் தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. எண்ணூர்ப் பகுதியில் பின்னதனுடன் எண்ணெய்க் கசிவும் சேர்ந்தது. தரைத்தளத்துப் பெட்டிகளில் கிடக்கும் தாள்களும் வட்டுகளும் இத்தகைய வெள்ளத்துக்குத் தப்புவதில்லை.

பொறி அழிந்தாலும் மென்பொருளை இயக்க முடியும். பழைய கணினியின் செயல்பாட்டை அப்படியே பின்பற்றும் மென்பொருள் போன்மி எனப்படும். 2002 இல் வெளியான டாஸ்பாக்ஸ் டாஸ் நிரல்களை இயக்குகிறது. பிபிசி மைக்ரோவின் போன்மிகள் உலாவியிலேயே கிடைக்கின்றன. மேலே தரப்பட்ட ட, ப எழுத்துகளை வாசகர்கள் அவற்றில் இட்டுப் பார்க்கலாம். மைக்ரோசாப்ட் நிறுவனம் தொடக்ககால டாஸ் பதிப்புகளின் மூலநிரலை 2014 இலும், 4.0 பதிப்பின் மூலநிரலை 2024 இலும் வெளியிட்டது.

தமிழ்க் கோப்புகளுக்குப் போன்மி மட்டும் போதாது. பழைய எழுத்துருவில் அமைந்த கோப்பை மீட்க, எந்த எண் எந்த வடிவத்தைக் குறித்தது என்னும் அட்டவணை தேவை. வரிசையும் மாறவேண்டும். பழைய முறையில் கொ என்பது கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் ஒற்றைக்கொம்பு, க, கால் என மூன்று குறிகளாகச் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியில் முதலில் க, அதன்பின் ஒகரக் குறி. மாற்றி மென்பொருள்கள் இவ்வேறுபாட்டைச் சரிசெய்கின்றன. பரவலாக வழங்கிய எழுத்துருக்களுக்கு மாற்றிகள் உள்ளன. ஓர் அச்சகத்துக்கென்று மட்டும் செய்யப்பட்ட எழுத்துருவாயின், அதன் கோப்பும் கிடைத்தால்தான் உரை மீளும். ஆகவே பழைய வட்டுகளைப் படியெடுப்போர் உரைக்கோப்புகளுடன் எழுத்துருக் கோப்புகளையும் தவறாது சேர்த்துப் படியெடுத்தல் வேண்டும்.

இவ்வகையில் நல்ல முன்மாதிரி மதுரைத் திட்டம் ஆகும். 1998 பொங்கலன்று தொடங்கிய இத்தன்னார்வ முயற்சி, தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கி வருகிறது. அதன் தொடக்கக்கால மின்னூல்கள் அன்றைய எழுத்துருக்களிலும், அடுத்து டிஸ்கியிலும் வெளியாயின. பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தன்னார்வலர்கள் கோப்புகளை உடன் நகர்த்தியதால் அவை இன்றும் படிக்கத்தக்கனவாய் உள்ளன. அவ்வாறு நகர்த்த ஆளில்லாத மலர்களும் சிற்றிதழ்களும் அழைப்பிதழ்களும் 360 கிலோபைட்டு, 1.44 மெகாபைட்டு வட்டுகளில் பரண்மேல் இருக்கக்கூடும்.